எழுவாய் யாரு?

ஆர்லீன் பிலார்ஸ்கிக்கு எங்கள் கல்லூரியில் சொந்தமாக ஒரு நாற்காலி கூடக் கிடையாது. இருபது வருடமாகப் பாடம் நடத்தியும் அவளுடைய ஆபீஸ் அவள் காரின் டிக்கிதான். அதில் ஒரு அழுக்குத்துணிக் கூடை, கூடை நிறைய மாணவர்களின் தாள்கள், ஒரு டப்பா சிவப்புப் பென்சில், பனியில் வழுக்காமல் இருக்க அரை மூட்டை உப்பு. பகுதிநேர ஆசிரியை என்று பெயர், வேலை மட்டும் முழுநேரத்துக்கும் மேலே. மருத்துவக் காப்பீடு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். ஒரு வருடம் அதிலும் பெயரை டார்லீன் என்று போட்டிருந்தார்கள்.

நான் வெண்டெல். அதே கட்டடத்தில் உதவித்தொகை அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன். எங்கள் பழக்கம் சிகரெட்டில் தொடங்கியது. பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஒஹையோ ஆற்றைப் பார்த்தபடி நின்று ஊதுவோம்.

"உன்னை இப்படிப் பிழியறாங்களே, ஆர்லீன், கோவமே வராதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரு பிழியறாங்க? வருஷா வருஷம் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடறது நான்தானே?"

"உனக்கு வேற வேலை கிடைக்காதுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

"நான் தேடல. அப்படிச் சொல்லுய்யா."

ஊரே சேர்ந்து அவளை ஏமாற்றினாலும் அவள் தன் கையெழுத்தைத்தான் குற்றம் சொல்வாள். கேட்க எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் எங்கிருந்து அதைப் பிடித்தாள் என்று தெரிந்தவனுக்கு முழுதாக எரிச்சல்படவும் முடியாது.

எங்கள் ஊர் ஹேடனில் எஃகு ஆலையை மூடியபோது அவள் அப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. அதன்பிறகு பத்தொன்பது வருடம் அவர் சமையலறை மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. பீர் குடித்தபடி பேசுவார். எல்லாப் பேச்சும் 'அவனுங்க' என்றுதான் தொடங்கும். அவனுங்க வித்துட்டானுங்க. அவனுங்க நம்மள நடுத்தெருவுல விட்டுட்டானுங்க. அதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. ஆலைக்காரர்கள் நிஜமாகவே விற்றார்கள், நிஜமாகவே நடுத்தெருவில் விட்டார்கள். என் அப்பாவையும்தான். ஆனால் உண்மையையே பேசிப் பேசி ஒரு மனிதன் நாற்காலியோடு நாற்காலியாக ஆகிப்போவதைப் பள்ளிக்கூடம் போகிற வயதில் தினமும் பார்த்தவள் ஆர்லீன். கணவன் வேறொருத்தியோடு போனபோதும் 'நான் தப்பான ஆளைக் கட்டினேன்' என்று நாலே சொல்லில் அந்தக் கதையை முடித்துவிட்டாள்.

அவள் நடத்தியது முதல் பருவத்துப் பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டிய வகுப்பு. கல்லூரியில் விழாமல் நிற்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது. அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கு அடுத்த அறை. அங்கே ஒவ்வொரு செவ்வாயும் ஒரு தாள் கொடுப்பாள். இந்த வாரம் எது கெட்டுப்போனது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பாள்.

"'கணக்கு வாத்தியார் என்னை ஃபெயில் ஆக்கிட்டார்.' எழுவாய் யாரு?"

"வாத்தியார், மிஸ்."

சிவப்புப் பென்சில் 'வாத்தியார்' மேல் கோடு போட்டு அடிக்கும். "நான்னு ஆரம்பிச்சு எழுது."

"நான்... மூணு வீட்டுப்பாடம் குடுக்கல."

"ஆங். இப்போ உன்னால ஏதாவது பண்ண முடியும். வாத்தியாரை உன்னால மாத்த முடியாது."

பின்வரிசையில் எப்போதும் ஒரு வக்கீல் இருப்பான். "மிஸ், என் கார் பேட்டரி செத்துப்போச்சு. இதுல நான் எங்க வரேன்?"

"நேத்து காருக்குள்ள லைட்டை எரியவிட்டுட்டுப் போனது யாரு? பேட்டரியா?"

வகுப்பே சிரிக்கும். கொதிகலன் அறையைக் கூட்டுபவர்கூடக் கேட்டுச் சிரிப்பதுண்டு. இன்னொன்றும் சொல்வாள். "உன் தப்பில்லைன்னு யாராவது தோள்ல தட்டிக் குடுத்தா, பர்ஸைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. உங்ககிட்ட இருந்து எதையோ திருடறாங்க."

கேலியாக இருந்தாலும் அது வேலை செய்தது, அதை நான் மறைக்க மாட்டேன். லாய்ட் என்று ஒருவன், சிறையிலிருந்து வந்து நீதிபதி, போலீஸ், மாமியார் என்று ஒரு பட்டியலோடு திரிந்தவன். இரண்டு மாதம் அவளிடம் தாள் எழுதினான். இன்று சொந்தமாக லாரி ஓட்டுகிறான். அப்படிப் பத்துப் பதினைந்து பேரை எனக்கே தெரியும்.

மிஸ்டி கோட்ரெல் அந்த வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. பகலில் முதியோர் இல்லத்தின் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று வந்தாள். தண்ணீரில் ஊறிச் சிவந்த கை, யாரையும் நேராகப் பார்க்காத கண். முதல் வாரம் 'பஸ் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு' என்று எழுதினாள். ஆர்லீன் பஸ்ஸை அடித்தாள். ஒரு மாதத்துக்குள் மிஸ்டிதான் வகுப்பில் முதல். மற்றவர்கள் வாக்கியத்தைக்கூட அவளே திருத்திக் கொடுப்பாள்.

ஏப்ரலில் ஒரு தாள். 'என் தம்பி வேட் என்னைப் படிக்க விடறதில்ல.' ஆர்லீன் தம்பியை அடித்தாள். மிஸ்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: 'நான் என் கதவைச் சாத்திக்கிட்டுப் படிப்பேன்.' ஆர்லீனுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய்ச் சுவரில் ஊசி குத்தி மாட்டினாள். பின்வாசலில் என்னிடமும் சொன்னாள். "பாரு வெண்டெல், இந்தப் பொண்ணு கரையேறிடும்." அந்தப் பருவம் மிஸ்டி எல்லாப் பாடத்திலும் தேறினாள்.

அடுத்த அக்டோபரில் வேட் செத்துப்போனான். போதை ஊசி. எங்கள் ஊரில் அது செய்தியே இல்லை, வாரத்துக்கு ஒன்று. மெத்தடிஸ்ட் சர்ச்சின் அடித்தளத்தில் அடக்கச் சாப்பாடு போட்டார்கள். என் மனைவி உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து ஒரு தட்டு செய்து கொண்டுபோனாள். நானும் போனேன். ஒரு பேப்பர் தட்டைப் பிடித்துக்கொண்டு மிஸ்டி நிற்பதைப் பார்த்தேன். அவள் காலைக் கட்டிக்கொண்டு ஒரு நாலு வயதுப் பெண் குழந்தை, வேட்டின் மகள் ஓப்பல். வேட்டுக்கு வேறு அப்பா, வேறு குடும்பப் பெயர். அதனால் ஆர்லீன் பத்திரிகையில் பார்த்திருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

டிசம்பரில் மிஸ்டி நாலு பாடத்தில் மூன்றில் விழுந்தாள். விழுந்தால் உதவித்தொகை நின்றுவிடும். நின்றால் படிப்பும் நின்றுவிடும், ஏனென்றால் தட்டுக் கழுவுகிற கூலியில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. ஒரே ஒரு வழி உண்டு, மேல்முறையீட்டுக் கடிதம். எங்கள் படிவத்தில் தெளிவாகவே இருக்கும்: 'உங்கள் கட்டுப்பாட்டை மீறி நடந்தவற்றை விளக்கி, சான்று இணைக்கவும்.'

புத்தாண்டுக்குப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் தின்ற வாய் நாற்றம் போகுமுன் எங்கள் குழு கூடியது. துணை முதல்வர் யோஸ்ட், பதிவாளர் அம்மாள், நான். பதினாறு கடிதங்கள், முக்கால் மணி நேரம். அழத் தெரிந்தவர்கள் அழகாக அழுதிருந்தார்கள். ஒருவனுடைய தாத்தா மூன்றாவது முறையாக இறந்திருந்தார். பதிவாளர் அம்மாள் சிரித்தபடி அதற்கும் கை தூக்கினார், சான்று இணைத்திருந்தானே. பதினோராவது மிஸ்டியுடையது.

'நான் வகுப்புகளுக்கு வரவில்லை. நான் படிக்கவில்லை. நான் இரண்டு தேர்வுகளை எழுதாமல் விட்டேன். இதற்கு வேறு யாரும், வேறு எதுவும் காரணம் இல்லை. நானே பொறுப்பு. வாய்ப்புக் கொடுத்தால் நான் திரும்ப வருவேன். மிஸ்டி கோட்ரெல்.'

யோஸ்ட் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"நேர்மையான பொண்ணு," என்றார். "ஆனா இதுல காரணமே இல்லையே."

"சோம்பேறின்னு அவளே எழுதிக் குடுத்துட்டா," என்றார் பதிவாளர் அம்மாள்.

தாளில் இல்லாததைக் குழுவில் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. யாரும் வேண்டியவர்களுக்குப் பரிந்து பேசிவிடக் கூடாது என்று போட்ட நல்ல விதி. நான் அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அடித்தளமும் பேப்பர் தட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றன, வாய் திறக்கவில்லை. மூன்று கைகளில் என்னுடையதும் கீழேயே இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கடிதத்தை அச்சடித்து உறையில் போட்டதும் நான்தான்.

ஜனவரி மூன்றாவது வாரம் ஆர்லீன் பின்வாசலுக்கு வந்தாள். பற்றவைக்கவில்லை.

"மிஸ்டி எங்கேய்யா? நர்ஸிங் பக்கம் ஆளையே காணோம்."

சொல்லக் கூடாதுதான். மாணவர் கோப்பு ரகசியம். உள்ளே போய் இரண்டு கடிதங்களையும் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். முதலில் எங்களுடையதைப் படித்தாள். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.'

"எழுவாய் யாரு, வெண்டெல்?"

"குழு."

"குழுவுக்குக் கை இருக்கா?"

"நான்தான். நாங்க மூணு பேரும்."

பிறகு மிஸ்டியின் கடிதத்தைப் படித்தாள். முதலில் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் 'நான்'. "பரவால்லையே," என்றாள் மெதுவாக. "ஆனா ஏன்? ஏன் திடீர்னு விழுந்தா?"

"அவ தம்பி செத்துட்டான், ஆர்லீன். அக்டோபர்ல. அவன் கிடந்ததை முதல்ல பார்த்தது இவதான். அவன் குழந்தை இப்போ இவகிட்ட."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தியா?"

"ஆமா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் ஒரு நிலக்கரிப் படகு போய் முடியும் வரை பார்த்தாள். 

"மறுபடி எழுதலாமா?"

"பத்து நாள் அவகாசம். நாளைக்கு நாலு மணியோட முடியுது. புதுச் சான்று வேணும். அவ கையெழுத்து வேணும்."

குளிரில் அவள் கார் கிளம்பவில்லை. என் டிரக்கில் போனோம். மில் தெருவில் ஒரு மாடி வீடு, வெளிப்பக்கம் ஏறும் மரப்படி. நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மிஸ்டி வேலைக்கான வெள்ளைக் கோட்டோடு கதவைத் திறந்தாள். உள்ளே அடுப்பில் மாக்ரோனி கொதித்தது. ஓப்பல் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க, மிஸ். வீடு குப்பையா இருக்கு. நான் பெருக்கல."

ஆர்லீன் உட்காரவில்லை. "வேட் பத்தி ஏன்டி எழுதல?"

"அது சாக்கு, மிஸ்."

"சாவு எப்படிடி சாக்காகும்?"

"நமக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதாதே, நீ என்ன பண்ணினேன்னு எழுது. நீங்கதானே சொன்னீங்க?"

"அவன் செத்தது நீ பண்ணினது இல்லையே!"

மிஸ்டி அடுப்பைத் தணித்தாள். குழந்தை இருக்கும் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். நான் அங்கே இருப்பதையே அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"அன்னைக்கு உடற்கூறு டெஸ்டுக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். கதவைச் சாத்தி, காதுல மாட்டிக்கிட்டு. ரெண்டு தடவை தட்டினான். ஏதோ சொன்னான். நான் திறக்கல. ஊசி போட்டு மயங்கினா மூக்குல அடிக்கற மருந்து இருக்குல்ல, அது என் பையில இருந்துச்சு, மிஸ். அவனுக்காகவே வாங்கி வச்சது. பை என் காலடியில. ரெண்டு மணி நேரம் படிச்சு முடிச்சுட்டுத்தான் பாத்ரூமுக்குப் போனேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் கதவைச் சாத்தினேன். நான் திறக்கல. எழுதிப் பார்த்தேன், எப்படி எழுதினாலும் எழுவாய் நான்தான் வரேன்."

ஆர்லீன் இப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வதைவிட நாற்காலி அவளைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

"அது உன் தப்பில்ல, மிஸ்டி."

அந்தச் சொற்களை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. பழக்கமில்லாத சொற்கள், அவளுக்கே தடுமாறின.

மிஸ்டி லேசாகச் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. அதுதான் தாங்க முடியவில்லை. "இப்படிச் சொல்றவங்களைப் பார்த்தா பர்ஸைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொன்னீங்களே, மிஸ்."

மாக்ரோனி பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன். 

கடைசியில் ஆர்லீன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். செவ்வாய்க்கிழமைத் தாள்தான், கையில் கிடைத்தது அதுதான். மேசையில் குனிந்து, தேதியை மட்டும் மிஸ்டியிடம் கேட்டு, பத்து நிமிடம் எழுதினாள். முடித்துவிட்டு மிஸ்டி பக்கம் தள்ளினாள்.

"உனக்கு நர்ஸ் ஆகணுமா, வேணாமா?"

"ஆகணும்."

"அப்போ படிச்சுட்டுக் கீழே கையெழுத்துப் போடு. இதை நீ எழுதல, நான் எழுதினேன். சாக்குன்னா அது என் சாக்கு."

மிஸ்டி படித்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன்.

'மிஸ்டி கோட்ரெலின் தம்பி அக்டோபர் ஒன்பதாம் தேதி வீட்டில் இறந்தான். அவன் உடலை முதலில் கண்டவள் அவள். அவன் மகளை இப்போது வளர்ப்பவளும் அவள். முதல் கடிதத்தில் இதை அவள் எழுதாததற்குக் காரணம் நான். எழுதக் கூடாது என்று கற்றுக்கொடுத்தேன். இதில் அவள் தவறு எதுவும் இல்லை. ஆர்லீன் பிலார்ஸ்கி.'

மிஸ்டி எழுந்து போய், குழந்தையின் தடுப்பூசி அட்டைகள் இருந்த இழுப்பறையைத் திறந்து இறப்புச் சான்றிதழை எடுத்து வந்தாள். தாளோடு சேர்த்து வைத்தாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடுமுன், தவறு எதுவும் இல்லை என்ற அந்த ஒரு வரியை இடமிருந்து வலமாக அடித்தாள். அழுத்தி அடித்ததில் ஓரிடத்தில் தாள் கிழிந்தது. பிறகு கீழே தன் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

"மத்ததெல்லாம் உண்மைதான், மிஸ்," என்றாள். "அதனால போட்டேன்."

டிரக்கில் ஏறியதும் ஆர்லீன் அழுதாள். அப்பா செத்தபோதும் கணவன் போனபோதும் அழாதவள். மில் தெரு முழுக்க அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஹீட்டரைக் கூட்டி வைத்தேன்.

"பதினேழு வருஷம், வெண்டெல். இன்னும் எத்தனை பேர் கதவைச் சாத்தினாங்களோ."

"லாய்ட் நல்லா இருக்கானே."

"லாய்ட் நல்லா இருக்கான். தெரியும். அவன் மாமியாரைத் திட்டிக்கிட்டு வந்தான், அவனுக்கு அது சரி. இவ வாயே திறக்காம வந்தா, ஏற்கெனவே எல்லாத்தையும் தலையில தூக்கிக்கிட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே பென்சிலைத்தான் நீட்டினேன்."

மறுநாள் நாலு மணிக்கு முன் கடிதம் என் ஜன்னலுக்கு வந்தது. அடுத்த வாரம் குழுவில் வைத்தேன். யோஸ்ட் சான்றிதழைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"இதை முதல்லயே எழுதியிருக்கலாமே. சரி, குடுத்துடலாம். இது என்ன, ஒரு வரியை அடிச்சிருக்கு?"

அடித்த வரியை நான் உரக்கப் படித்தேன். அடித்தது யார் என்றும் சொன்னேன். யோஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவாளர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடுத்தது," என்றார் யோஸ்ட்.

மிஸ்டி படித்து முடித்தாள். இன்று அதே முதியோர் இல்லத்தில் நர்ஸ். நல்ல நர்ஸ் என்கிறார்கள். ஒரு நாள் கூட லீவு எடுப்பதில்லை. அவள் வார்டில் யாராவது இறந்தால், அறிக்கையில் தான் எங்கே இருந்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று யாரும் கேட்காததையும் எழுதி வைக்கிறாளாம். மேலாளர் அதை இரண்டு முறை திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

ஆர்லீன் இன்னும் அந்த அடித்தள அறையில்தான் நடத்துகிறாள். தாள் கொடுக்கிறாள், ஆனால் உரக்கப் படிப்பதில்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்கிறாள். இதனால் பாதி வகுப்புக்கு நேரம் போதவில்லை என்று அவள் மேல் புகார் வந்திருக்கிறது.

ஞாயிறுதோறும் மில் தெருவுக்குப் போகிறாள். ஓப்பலுக்கு எதையாவது வாங்கிக்கொண்டு அந்த மரப்படியில் ஏறி, காபி குடித்துவிட்டு, கிளம்பும்போது அந்த வாக்கியத்தை ஒரு முறை சொல்கிறாள். உன் தப்பில்ல, மிஸ்டி. வேறு எதுவும் சொல்வதில்லை. மூன்று வருடமாகிறது.

"அவ என்ன சொல்றா?" என்று போன வாரம் பின்வாசலில் கேட்டேன்.

"'சரி, மிஸ்'ங்கறா."

"நம்பறாளா?"

ஆர்லீன் சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தாள்.

"இல்ல," என்றாள். "'நான்'னு எழுதக் கத்துக்க அவளுக்கு ஒரே மாசம்தான் ஆச்சு."